ஒரு மடிக்கணினியும் எங்கள் வீட்டுக் காசேடும்

உயர்தரப் பொருளியலில் முதல் தவணையிலேயே நமக்குக் கற்பிக்கப்படும் எண்ணக்கரு அமையச் செலவு. ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த மாற்று வழியே அதன் அமையச் செலவு என்று எழுதினால் பரீட்சையில் முழுப் புள்ளியும் கிடைக்கும். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த வரைவிலக்கணத்தில் வரும் 'மாற்று வழி' எங்கள் வீட்டில் ஒரு சைக்கிளாக இருந்தது. அது என் தம்பிக்கு வாக்களிக்கப்பட்ட சைக்கிள். அதனால்தான் இந்தப் பாடத்தை எங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே எழுதுகிறேன்.

2024 மே மாத இறுதியில் ராத்தாவின் உயர்தரப் பெறுபேறு வந்தது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் என்பது உறுதியானது. அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கும் முன்பே மடிக்கணினி பற்றிய பேச்சு வந்துவிட்டது. ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: ஒப்படைகள் எழுதவும், விரிதாள் செய்யவும், இணைய வழி விரிவுரைக்கும் அது இல்லாமல் முடியாது. நமது நாட்டில் பெறுபேறு வந்த பின்பும் பல்கலைக்கழகக் கதவு திறக்கப் பல மாதம் எடுக்கும். எல்லாரும் குறை சொல்லும் அந்தக் காத்திருப்பு எங்களுக்கு அவகாசமாக அமைந்தது. ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம் என்று வைத்துக்கொண்டோம்.

வாப்பா வயல் செய்பவர். உம்மா வீட்டில் தைப்பவர். இதைச் சொல்லக் காரணம், மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கணக்கு வேறு. பாடப்புத்தகத்தில் வரும் குடும்பப் பாதீட்டில் வருமானம் மாதத்துக்கு ஒரு தடவை ஒரே அளவில் வரும். எங்கள் மாவட்டத்தில் பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு தடவைதான் பெரிய காசு வீட்டுக்குள் வரும். செலவோ ஒவ்வொரு நாளும் வரும். நெல் விற்ற கிழமையில் வீடு செல்வந்தர் வீடு போலிருக்கும். மூன்றாம் மாதம் கடையில் கொப்பி போடுவோம். இத்தகைய வீட்டில் 'மீதியைச் சேமிப்போம்' என்றால் மீதி என்ற ஒன்று ஒருபோதும் இருக்காது. காசு வந்த அன்றே பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் இலக்கைத் தீர்மானித்தோம். ராத்தா செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனோம். 8 ஜிபி நினைவகமும், எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகமும் உள்ள சாதாரண மடிக்கணினி ஒன்று அந்த வேலைகளுக்குப் போதும். விலை 165,000 ரூபாய். விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவை பளபளப்பாக அதே அலுமாரியில்தான் இருந்தன. தாளில் எழுதியிருந்த எதற்கும் அவை தேவைப்படவில்லை. எழுத்து, விரிதாள் வேலைகளுக்கு லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு என்பதால் மென்பொருளுக்குக் காசு ஒதுக்கவில்லை. பைக்கும் மவுசுக்கும் 5,000, பழுது பார்க்க 10,000 என்று சேர்த்து இலக்கை 180,000 ஆக எழுதினேன். வீட்டுக் காசேடு எழுதும் பொறுப்பு வணிகப் பிரிவு மாணவி என்பதால் எனக்கு வந்தது.

அதே கடையில் தவணை முறையும் இருந்தது. கடை வழியாக ஒரு நிதிக் கம்பனி கொடுக்கும் கடன் அது. முற்பணம் 45,000, பின்னர் 12 மாதத்துக்கு 'மாதம் 12,240 மட்டும்' என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த 'மட்டும்' என்ற சொல்லை நம் மாணவிகளும் பெற்றோரும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 12,240 ஐ 12 ஆல் பெருக்கினால் 146,880. முற்பணத்தையும் சேர்த்தால் 191,880. காசுக்கு வாங்கினால் 165,000. வித்தியாசம் 26,880.

இதை வட்டி வீதமாகக் கேட்டால் விற்பனையாளர் 22.4 சதவீதம் என்பார். கடன் 120,000, மேலதிகம் 26,880, வகுத்தால் 22.4 தான். இந்தக் கணக்கு வருடம் முழுவதும் நாம் 120,000 ரூபாயையும் வைத்திருப்பதாகப் பாவனை செய்கிறது. உண்மையில் ஒவ்வொரு மாதமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். முதல் மாதம் 120,000 கடன், கடைசி மாதம் ஏறத்தாழ 10,000 தான் கடன். சராசரியாகப் பார்த்தால் வருடம் முழுவதும் நம் கையில் இருந்தது 65,000 அளவுதான். 26,880 ஐ 65,000 ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 40 சதவீதம்! குறைந்து செல்லும் மீதி முறையில் நுணுக்கமாகக் கணித்தாலும் 39 சதவீதத்துக்கு அருகில்தான் வரும். அட்டையில் உள்ள வீதத்தை இரண்டால் பெருக்கிச் சற்றுக் குறைத்தால் உண்மையான வீதம் வரும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வட்டி நமக்கு ஹராம் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. வட்டிக் கடனும் தவணை விற்பனையும் எல்லா இடத்திலும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. வியாபாரியே பொருளைத் தன் உடைமையாக வைத்திருந்து, ஒரே விலையை முன்கூட்டியே பேசி, பின்னர் அதைக் கூட்டாமல் தவணையில் வாங்கிக்கொள்வதை மார்க்க அறிஞர்களில் பெரும்பான்மையோர் அனுமதித்திருக்கிறார்கள். அப்படியான விற்பனையிலும் 'கைக்காசுக்கு என்ன விலை?' என்று முதலில் கேளுங்கள். 'வட்டியில்லாத் தவணை' என்று விளம்பரப்படுத்தும் இடத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள். கைக்காசுக்கு விலை குறைந்தால் அந்த வித்தியாசம்தான் தவணையின் விலை.

இனி எங்கள் திட்டம். சிறுபோக அறுவடையிலிருந்து 30,000, பெரும்போகத்திலிருந்து 25,000. உம்மாவின் சீட்டு 50,000. ராத்தா தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வீட்டில் ரியூசன் கொடுப்பதில் மாதம் 4,000 வீதம் 40,000. வீட்டுச் செலவில் மாதம் 2,500 மிச்சம் பிடித்து 25,000. நோன்பு மாதத்தில் பெருநாள் உடுப்புத் தையலில் உம்மாவுக்கு மேலதிகமாக வரும் 10,000. கூட்டினால் 180,000. இவற்றில் முதல் வரியிலுள்ள 30,000 தான் தம்பியின் சைக்கிளுக்கு வைத்திருந்த காசு.

தம்பிக்கு 12 வயது. பாடசாலைக்கு நடந்தே போகிறான். சிறுபோகம் வெட்டியதும் சைக்கிள் என்று வாப்பா சொல்லியிருந்தார். அவனிடம் சொல்லாமல் அந்தக் காசை மாற்றிவிடலாம், சின்னப்பிள்ளைதானே என்று உம்மம்மா சொன்னார். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவனையும் பாயில் உட்காரவைத்து, காசேட்டைக் காட்டி, என்ன நடக்கப்போகிறது என்று சொன்னார். அவன் அழவில்லை. "எப்ப தருவீங்க? அதையும் அதுல எழுதுங்க" என்றான். எழுதினேன்: அடுத்த சிறுபோகம், 2025 ஆகஸ்ட். வீட்டில் ஒருவருக்காகச் சேமிக்கும்போது விட்டுக்கொடுப்பவரின் பெயரும் திகதியும் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தாய்மார் காலங்காலமாகச் செய்துவரும் சேமிப்பு இது. இதற்கென்று இந்நாட்டில் 1935 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டிருக்கிறது என்றால் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று பாருங்கள். உம்மாவின் சீட்டில் 10 பேர். ஆளுக்கு மாதம் 5,000. ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 50,000 போகும். வட்டி கிடையாது, ஏலம் கழிப்பதும் கிடையாது. முதல் மாதம் எடுப்பவர் உண்மையில் மற்ற 9 பேரிடமும் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார். கடைசியாக எடுப்பவர் மற்ற எல்லாருக்கும் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். எல்லாரும் முதல் இலக்கத்துக்கு ஆசைப்படுவது அதனால்தான். உம்மா கடைசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். இடையில் கைக்கு வந்தால் செலவாகிவிடும் என்பது அவருடைய கணக்கு.

கடைசி இலக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. அதன் பெயர் பணவீக்கம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 வரை போனது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன்பு 50,000 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களுக்கு அந்த மாதம் ஏறத்தாழ 84,900 தேவைப்பட்டது என்பது இதன் பொருள். மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் இறக்குமதிப் பொருட்கள், டொலர் ஏறினால் நேரடியாக ஏறும். அந்த வருடம் சீட்டின் கடைசி இலக்கத்தை வைத்திருந்தவர்கள் இழந்ததை எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்க மாட்டார்கள். 2024 இல் ரூபாய் ஓரளவு நிலையாக இருந்ததால்தான் நாங்கள் துணிந்தோம். வரியையும் மறக்கக்கூடாது. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த பல பொருட்களும் அதற்குள் வந்தன. ஆகவே நீண்ட காலச் சேமிப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கடைக்குப் போய் விலையை மறுபடி கேட்டு எழுதுவது அவசியம்.

மற்றக் காசை வங்கியில் இலாபப் பங்கீட்டு அடிப்படையிலான சேமிப்புக் கணக்கில் வைத்தோம். முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் வங்கி 2011 முதல் நம் நாட்டில் இருக்கிறது. வேறு சில வங்கிகளும் தனிப்பிரிவு வைத்திருக்கின்றன. 10 மாதத்தில் கிடைக்கும் இலாபம் பெரிதாக இருக்காது. வீட்டு அலுமாரியில் இல்லை என்பதே பெரிய நன்மை.

வீட்டுச் செலவில் மாதம் 2,500 எங்கே மிச்சமாகும் என்று தேடியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மீனிலும் முட்டையிலும் கைவைக்க வேண்டாம் என்றார் உம்மா. வெள்ளிக்கிழமை ஸதகாவிலும் குறைக்க விடவில்லை. மிஞ்சியவை: ஐந்து பேர் வீட்டில் மூன்று போனுக்கு வெவ்வேறாகப் போட்ட டேட்டா ரீலோட், மஃரிபுக்குப் பின் கடையில் வாங்கும் ரோல்ஸ், மின்கட்டணம். ரீலோடை ஒரே மாதாந்தப் பொதியாக மாற்றினோம். மின்கட்டணம் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: நம் நாட்டில் அலகுகள் படிப்படியாகக் கணிக்கப்படுகின்றன. ஒரு மாதத்தில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுகளுக்கான விலையே வேறு அட்டவணைக்கு மாறிவிடும். 90 ஐத் தாண்டினால் நிலையான கட்டணமும் ஏறும். எங்கள் வீடு 95, 98 என்று ஓடிக்கொண்டிருந்தது. வெறும் 8 அலகுக்காக மேல்படியில் நின்றோம். மானி வாசிக்க வரும் திகதியைச் சுவரில் எழுதிவைத்து, கிழமைக்கு ஒருநாள் நானே மானியைப் பார்க்கத் தொடங்கினேன். உடுப்பு அயன் பண்ணுவதைக் கிழமைக்கு ஒரே தடவையாக ஆக்கினோம். 90 க்குள் வந்துவிட்டது.

நவம்பர் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது. நவம்பர் இறுதியில் கிழக்கில் பெய்த கடும் மழையும் வெள்ளமும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அம்பாறை மாவட்டத்தில் வயல்கள் கடலாயின. விதைத்து முளைத்திருந்த எங்கள் பயிரும் போனது. மறுபடி விதைக்க விதைநெல்லும் உழவுக்கூலியும் வேண்டும். அவசரத்துக்கென்று தனியாக 15,000 ரூபாய் வைத்திருந்தோம், மடிக்கணினிக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அது முழுவதும் வயலுக்குப் போனது. ரியூசன் பிள்ளைகளின் வீடுகளிலும் தண்ணீர். டிசம்பரில் ராத்தா யாரிடமும் காசு கேட்கவில்லை.

கணக்கியலில் முன்மதி எண்ணக்கரு என்றொன்று படிக்கிறோம். எதிர்பார்க்கும் இலாபத்தை எழுதாதே, எதிர்பார்க்கும் நட்டத்தை எழுது என்பது அதன் சாரம். டிசம்பர் முதல் திகதியே பெரும்போக 25,000 ஐக் காசேட்டில் வெட்டிவிட்டேன். வாப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மகாபொல கிடைக்கும், அதை நம்பி இப்போதே கடன் வாங்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். கைக்கு வராத காசு என்பதால் அதையும் எழுதவில்லை. உம்மா தன் காப்பை அடகு வைக்கலாம் என்று ஒரு தடவை நினைத்தார். அடகுக்கும் மாதாமாதம் வட்டி. அதுவும் நின்றது. யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றில் விளைந்த ஏழு வருடங்களில் பஞ்சத்துக்கென்று தானியம் ஒதுக்கப்பட்டதை நாம் கதையாகவே கேட்டிருக்கிறோம். விவசாயி வீட்டில் இருந்து கேட்டால் அது வேறு மாதிரி விளங்கும்.

மார்ச் முடிவில் கையில் இருந்தது: சிறுபோகம் 30,000, சீட்டு 50,000, ராத்தா 36,000, சிக்கனம் 25,000, பெருநாள் தையல் 10,000. மொத்தம் 151,000. இலக்குக்கு 29,000 குறைவு. அன்றிரவு இலக்கையே மறுபடி பார்த்தோம். பை வேண்டாம், ராத்தாவின் பழைய பாடசாலைப் பை நன்றாகவே இருக்கிறது. மவுசைப் பிறகு வாங்கலாம். முதல் வருடம் உத்தரவாதம் இருப்பதால் பழுதுக்கான 10,000 ஐப் பின்னர் சேர்க்கலாம். மீண்டும் விசாரித்தபோது மடிக்கணினியின் விலை மாறியிருக்கவில்லை. குறைவு 14,000 ஆகச் சுருங்கியது.

அதை மாமா கர்ழு ஹஸனாகத் தந்தார். மாதம் 3,500 வீதம் 4 மாதத்தில் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. உம்மா என்னைக் கூப்பிட்டுத் தாள் எடுத்து எழுதச் சொன்னார். மாமாவுக்குச் சிரிப்பு.

"என்ன ராத்தா, எனக்கும் ஒனக்கும் எழுத்து வேணுமா?"

"ஒனக்காக இல்ல தம்பி. நான் மௌத்தாப் போனா புள்ளயளுக்குத் தெரியணும்."

குர்ஆனின் மிக நீண்ட வசனம், ஸூறதுல் பகறாவின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. சிறிய தொகையானாலும் எழுதச் சோம்பக்கூடாது என்பதும் அதில் அடக்கம். அந்தத் தாளில் தொகையும் திகதியும் எழுதி, வாப்பாவும் மாமியும் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள்.

பெருநாள் கழிந்து ஏப்ரலில் மடிக்கணினி வாங்கினோம். வாங்கும்போது உத்தரவாத அட்டையில் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா, பெட்டியிலும் கணினியிலும் பற்றுச்சீட்டிலும் அதே இலக்கமா என்று பார்த்தோம். கைத்தொலைபேசி வாங்குவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன்பு கடையிலேயே நின்று இதைச் செய்யலாம்.

இத்துடன் கணக்கு முடியவில்லை. பெறுமானத்தேய்வு இருக்கிறது. ராத்தாவின் படிப்பு 4 வருடம். அதன் பின் இந்தக் கணினியை 25,000 க்கு விற்கலாம் என்று வைத்தால், நேர்கோட்டு முறையில் 165,000 இலிருந்து 25,000 ஐக் கழித்து 4 ஆல் வகுக்க, வருடத்துக்கு 35,000. நாளொன்றுக்கு 96 ரூபாய். மேசையில் மூடிக்கிடக்கும் நாளிலும் அந்த 96 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. வியாபாரக் கணக்கில் தேய்வு காசு வெளியேறாத செலவு. ஏட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். வீட்டில் அந்தத் தொகையைக் கொஞ்சமாவது காசாகவே எடுத்து வைக்காவிட்டால், நான்கு வருடம் கழித்து மறுபடி அதே பாயில் உட்கார்ந்து அதே கணக்கைத் தொடங்க வேண்டும். அப்போது தம்பிக்குச் சாதாரணதரப் பரீட்சை முடிந்திருக்கும்.

ராத்தா பகலில் ஒப்படை செய்யாத நேரங்களில் நான் அதில் விரிதாள் பழகுகிறேன். காசேட்டையும் அதற்குள் மாற்றிவிட்டேன். உம்மா மட்டும் கொப்பியை விடவில்லை, மின்சாரம் போனால் எப்படிப் பார்ப்பது என்கிறார். மாமாவின் கடன் ஜூலையில் முடிந்தது. தாளைக் கிழிக்காமல், 'தீர்ந்தது' என்று எழுதி அவரிடமே கையொப்பம் வாங்கி வைத்தார் உம்மா. ஆகஸ்டில் சிறுபோக நெல் விற்ற அன்று வாப்பா காசேட்டைக் கேட்டார். தம்பி ஏற்கெனவே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். சைக்கிளின் விலை 30,000 இலிருந்து 33,500 ஆக ஏறியிருந்தது. மேலதிக 3,500 ஐ ராத்தா தன் ரியூசன் காசிலிருந்து கொடுத்தாள்.